சொந்தக் காலில் நிற்கச் சொன்னவர்கள்

அடுத்தவர் பணத்தை எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கவும் ஓர் உத்தியோகம் இருக்கிறது, அதற்கு மாதச் சம்பளமும் உண்டு. நான் குடியிருக்கும் சாரம் பகுதியில், பக்கத்து வீட்டில் இருக்கும் பெண் இதை இன்றுவரை நம்பவில்லை. "குடுக்குறவன் குடுக்குறான், வாங்குறவன் வாங்குறான். நடுவுல நீங்க இன்னாத்துக்கு?" என்று ஒரு நாள் கேட்டாள். காபி போட்டுக் கொடுத்தேன்.

கடற்கரையை ஒட்டிய ஒரு பழைய தெருவில் எங்கள் அறக்கட்டளை. அதில் நான் திட்ட அலுவலர். உதவி கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பத்தைப் படிப்பேன், அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பேன், கொடுக்கலாம் என்று மேலே சொல்வேன். ஏன் கொடுக்க வேண்டும் என்று மேலே கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் என் தலை நரைத்தது. இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சிலர் இருக்கலாம். அந்த நாற்காலிக்கு எதிரே கைகட்டி நின்றவர்கள் பலர் இருக்கலாம். எல்லாரும் சேர்ந்தே பல்லைக் கடிப்போம். வயதானால் கோபம் தணிந்துவிடும் என்று ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் சொன்னார். மாத்திரை தீர்ந்துகொண்டே இருக்கிறது. கோபம் தீரவில்லை.

எத்தனையோ ஊர்களுக்குப் போனேன். இங்கே எழுதுவது ஒரே ஊரைப் பற்றி, அந்த ஊரில் இருந்த ஒரு குழந்தைக் காப்பகத்தைப் பற்றி. அது திறந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர, வேலையில் இருந்த கடைசி வருஷங்களில் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

கோலமாவில் ஒரு வரைபடம்

எங்கள் தொழிலில் ஒரு சடங்கு உண்டு. ஓர் ஊருக்கு முதன்முதலாகப் போனால், அங்கே இருப்பவர்களைத் தரையில் உட்கார வைத்து, கலர் கோலமாவைக் கையில் கொடுத்து, அவர்கள் ஊரை அவர்களையே வரையச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் மஞ்சள், தண்ணீர்க் குழாய் நீலம், பிரச்சினை சிவப்பு. ஏன் என்று கேட்காதீர்கள். யாரோ எங்கோ இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஏழைகள் எல்லாரும் எங்களுக்காகக் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலாப்பட்டைத் தாண்டி இருந்த அந்த மீனவர் குப்பத்துக்கு நானும் பொட்டலங்களோடுதான் போனேன். பெண்கள் அப்போதுதான் டவுனில் மீன் விற்றுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். இன்னும் குளிக்கவில்லை. முழங்கை வரை செதில் மின்னியது. அவர்களில் அஞ்சலை என்று ஒருத்தி. வயது முப்பதுக்குள்தான் இருக்கும், குரல் மட்டும் கடல்காற்றில் காய்ந்து மூத்திருந்தது. சிவப்புப் பொட்டலத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஊரப் பாக்கணும்னா ஊரு இங்கதான இருக்குது? எழுந்து வா, காட்டுறேன்" என்று என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

அவள் வீட்டுக்குள் கூட்டிப்போனாள். கட்டில் காலில் ஒரு பழைய சேலைக் கிழிசல் கட்டியிருந்தது. அதன் மறுமுனை இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் கணுக்காலில் இருந்தது. குழந்தை அழுது முடித்துவிட்டு, அந்தத் துணியையே வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. விடியுமுன் வண்டி ஏறித் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்தால்தான் காலையில் மார்க்கெட்டில் விற்க முடியும். அங்கன்வாடி திறக்கும்போது இவர்கள் பாதிக் கூடையை விற்றிருப்பார்கள். வீட்டில் ஆயா என்கிற பாட்டி இருக்கும் குழந்தை ஆயாவிடம் இருக்கும். ஆயா இல்லாத குழந்தை கட்டிலில் இருக்கும். புருஷன் கடலுக்குப் போயிருப்பான், இல்லையென்றால் கடலிலிருந்து வந்து அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருப்பான். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பஞ்சாயத்தாரின் கொட்டகை ஒன்று சும்மா கிடக்கிறது. விடிகாலையிலிருந்து மதியம் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அதில் இரண்டு பெண்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். நான் குனிந்து அந்தக் கணுக்கால் முடிச்சைத் தொட்டுப் பார்த்தபோது அஞ்சலை சொன்னாள்: "கட்டிப் போட்டா அழுவுது. அவுத்து வுட்டா கடல் இருக்குது. நீ படிச்சவதான, எதுன்னு நீயே சொல்லும்மா."

கெட்ட வார்த்தை

எங்கள் அறக்கட்டளையில் சம்பளம் என்பது கெட்ட வார்த்தை. கட்டடம் கொடுப்பார்கள், கம்ப்யூட்டர் கொடுப்பார்கள், தையல் மெஷின் கொடுப்பார்கள். மனுஷிக்குச் சம்பளம் மட்டும் கொடுக்க மாட்டார்கள். பொருள் என்றால் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். சம்பளம் மாசக் கடைசியில் சோறாகிக் காணாமல் போய்விடுகிறது. இதை முடிவு செய்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஊழியர்கள் அத்தனை பேரும், என்னையும் சேர்த்து, சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். எங்கள் தலைவரை எல்லாரும் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடுவோம். அவர் குடும்பம் பாரீசில் குடியேறி மூன்று தலைமுறை ஆகிறது. மார்கழிக் குளிருக்கு இங்கே வருவார், பங்குனி வெயிலுக்கு அங்கே போய்விடுவார். அவருக்குக் கீழே இயக்குநர் கார்த்திக், சென்னையிலிருந்து வந்த இளைஞர். இரண்டு பேரும் கலந்து பேசி, குப்பத்துக்கு ஓர் ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், ஒரு பெரிய டிவி, தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்று என்று முடிவு செய்தார்கள்.

பெண்களின் சம்பளத்தை நான் 'பயிற்சி உதவித்தொகை' என்று எழுதிக் கேட்டேன். உடனே கிடைத்தது. பயிற்சி என்ற சொல் எங்கள் தொழிலில் விபூதி மாதிரி, எதன் மேல் பூசினாலும் புனிதமாகிவிடும். முழங்கால் தேய்ந்து கூடை தூக்க முடியாமல் போன தனமும், பச்சையம்மாவும் அப்படித்தான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் 'பயிற்சி பெறுகிறவர்கள்' ஆனார்கள். இதைச் செய்ததற்கு எனக்கு இன்றும் வெட்கமில்லை. ஊஞ்சல் வண்டியிலிருந்து இறங்கிய அன்று தனம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நல்லாத்தான் இருக்குது. ஆட்டி வுடறவ வூட்டுல அடுப்பு எரியணும்னு மட்டும் உங்க முசேக்கு ஏம்மா தோணல?"

பலகை

காப்பகம் திறந்த இரண்டாவது மாதம் பெயர்ப்பலகை வந்தது. அறக்கட்டளையின் பெயர் பிரெஞ்சில் மேலே, ஆங்கிலத்தில் நடுவே, தமிழ் அடியில் பொடி எழுத்தில். ஓர் ஆள் படுத்துக்கொள்ளலாம் போன்ற அகலம். கொட்டகைக்கு இருந்த ஒரே ஜன்னல் கடலைப் பார்த்தது, கார் வந்து நிற்கும் பாதையும் அந்தப் பக்கம்தான். ஆகவே பலகையை நேராக ஜன்னலை மூடி அதன் மேலேயே அடித்துவிட்டுப் போனார்கள். அதுவரை குழந்தைகள் தூங்கும்போது உள்ளே கடலின் மூச்சும் அவர்கள் மூச்சும் ஒன்றாகக் கேட்கும். பலகை வந்த பிறகு மின்விசிறியின் கடகடப்புதான். அதுவும் கரண்ட் இருந்தால். குழந்தைகளின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. மாற்றி அடிக்கலாமா என்று கார்த்திக்கிடம் கேட்டேன். பெயர் கண்ணில் படுவது முக்கியம் என்றார்.

சித்திரை மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் ஆட்டோவில் போய் இறங்கினேன். ஜன்னல் திறந்து கிடந்தது, காற்று வீசிக்கொண்டிருந்தது, பலகையைக் காணோம். கொட்டகைக்குப் பின்னால் அதைத் தரையில் சாய்த்துப் போட்டுக் கருவாடு காய வைத்திருந்தார்கள். மெயின்ரோட்டு முனையில் டீக்கடை வைத்திருக்கும் பெண், எங்கள் அலுவலகக் கார் திரும்புவதைப் பார்த்தவுடன் போன் அடிப்பாளாம். 'பலகை' என்று ஒரே வார்த்தை. கார் வந்து சேர்வதற்குள் மாட்டிவிடுவார்களாம். ஆட்டோவில் வந்து கெடுத்துவிட்டேன். பச்சையம்மா மட்டும் கொஞ்சமும் கலங்கவில்லை. "கல்யாணப் பொண்ணு நகை மாரிம்மா அது. போட்டோ புடிக்கும்போது போட்டுக்குவோம், எந்நேரமும் மாட்டிக்கினு வேலை செய்ய முடியுமா?"

முன், பின்

அறக்கட்டளையின் ஆண்டு மலருக்குப் படம் எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். நல்ல பெண்தான், வாய்க்கு வாய் ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். 'பின்' படம் அவளுக்கு வேண்டிய அளவு கிடைத்தது: பவுடர் பூசிய முகங்கள், கஞ்சி குடிக்கும் வாய்கள், ஊஞ்சல். 'முன்' படம்தான் இல்லை. காப்பகம் வருவதற்கு முன்னால் அங்கே யாரும் கேமராவோடு வரவில்லையே. அதனால் அவள் தன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். மெத்தென்ற பருத்தித் துணி, குழந்தைக்கு வலிக்கக் கூடாதென்று பார்த்து வாங்கியிருக்கிறாள். ஒரே ஒரு குழந்தையை ஐந்து நிமிஷம் கட்டில் காலில் கட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டாள். துணி புதுசாகத் தெரிகிறதே, பழைய சேலை ஏதாவது கிடைக்குமா என்றும் கேட்டாள். இயக்குநர் சரி என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாராம்.

நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. குழந்தைகள் பயந்து தனத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. அஞ்சலை கத்தவில்லை. தன் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் உறவுக்காரியிடம் பேசுவது போலப் பேசினாள்: "உனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா? ஆவட்டும். ஒரு புள்ளயப் பெத்துத் தூக்கிக்கினு வா. அத்தக் கட்டிப் படம் எடுத்துக்கலாம், முடிச்சு நானே போட்டுத் தரேன்."

ஒன்றிலிருந்து ஐந்து வரை

கொடுத்த பணத்தால் ஏழையின் வாழ்க்கை மாறியிருக்கிறதா என்று அளந்து பார்க்க ஒருவரை வைத்துக்கொள்வது எங்கள் தொழிலின் இன்னொரு சடங்கு. அவர் வரும் விமானச் செலவில் அந்த ஏழை ஒரு வருஷம் வாழலாம். டெல்லியிலிருந்து வந்த அந்த அம்மையாருக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு தாயிடமும் ஒரே கேள்வி: காப்பகத்தால் வாழ்க்கையில் ஏற்பட்ட மாற்றத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். ஒருத்தி யோசித்துவிட்டு "அஞ்சுக்கு மேல கிடையாதா?" என்றாள். இன்னொருத்தி, எத்தனை சொன்னால் காப்பகத்தை மூட மாட்டீர்கள் என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று டெல்லிக்காரர் விசாரித்தார். ஐந்து என்றேன்.

கடைசியில் அவர் தனத்தையும் பச்சையம்மாவையும் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வருஷமாகப் பயிற்சி, பயிற்சி என்று பணம் போகிறதே, ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள இவ்வளவு நாள் பயிற்சியா, அது எப்போதுதான் முடியும் என்று கேட்டார். அதை அப்படியே தமிழில் சொன்னேன், வேறு வழியில்லை. பச்சையம்மா ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்: "எங்க மாமியாரு இருவது வருசமா எனக்குச் சோறாக்கப் பழக்குது, இன்னும் முடியலன்னுதான் சொல்லுது. இது மூணு வருசந்தான?"

சிப்பியில் ஈஃபில் கோபுரம்

மூன்று வருஷம் முடிந்தால் நாங்கள் வெளியேறிவிடுவோம். அதன் பிறகு மக்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும். இது எங்கள் விதி. இரண்டு பெண்களின் சம்பளத்தை இனி அந்தத் தாய்மாரே சம்பாதித்துக்கொள்ளட்டும் என்று, அவர்களுக்குச் சிப்பி பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். விடியுமுன் எழுந்து, ஏலம் எடுத்து, மதியம் வரை வெயிலில் கூவி விற்று, வீட்டுக்கு வந்து சமைத்த பிறகு, சாயங்காலம் அவர்கள் பசையும் சிப்பியும் வைத்துக்கொண்டு மயில் செய்தார்கள், பிள்ளையார் செய்தார்கள், முசேயை மகிழ்விக்க ஈஃபில் கோபுரம்கூடச் செய்தார்கள். சுற்றுலாப் பயணிகள் வாங்குவார்கள் என்று சொன்னார்கள். கோபுரம் சாய்ந்திருந்தது. யாரும் வாங்கவில்லை.

காப்பகத்துக்கு இன்னும் மூன்று வருஷம் கொடுங்கள் என்று கூட்டத்தில் கேட்டேன். சார்ந்திருக்கும் மனப்பான்மை வந்துவிடும் என்றார் கார்த்திக். முசே தலையாட்டினார். நிற்கக் கற்றுக்கொள்ளாத குழந்தையை எத்தனை நாள் தூக்குவது என்று ஓர் உவமையும் சொன்னார். அந்த உவமைதான் என்னைக் கெடுத்தது. "இந்த அறக்கட்டளையே உங்கள் தாத்தா விட்டுப்போன பணத்தின் காலில்தான் நிற்கிறது முசே. உங்களுக்கு மூன்று வருஷம் எப்போது முடிகிறது?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பெரிய குடும்பத்துப் பிள்ளை. புத்தகத்திலிருந்து எடுத்தது போன்ற அழகான தமிழில் சொன்னார்: "மதாம், நீங்கள் மிகவும் களைத்திருக்கிறீர்கள். காப்பி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

தெர்மகோல் சாவி

வெளியேறுவதற்கும் விழா உண்டு. ஒப்படைப்பு விழா என்று பெயர். தெர்மகோலில் ஒரு சாவி செய்து, தங்கத்தாள் ஒட்டி, காரின் பின் சீட்டில் சாய்த்து எடுத்துக்கொண்டு போனோம். நாலு வயதுக் குழந்தை உயரம் இருந்தது. கொட்டகை பஞ்சாயத்தாருடையது. அதற்குப் பூட்டே கிடையாது, நாய் நுழையாமல் கம்பியால் கட்டி வைப்பார்கள். அவர்கள் கொட்டகைக்கு நாங்கள் சாவி கொடுத்தோம். குழந்தைகள் பிரெஞ்சில் ஒரு வரவேற்புப் பாட்டுப் பாடின. இன்று முதல் இது உங்களுடையது என்றார் முசே. எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும்.

தனம் சாவியை வாங்கிக்கொண்டாள். அது காற்றில் பறக்கப் பார்த்தது, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றாள். படம் எடுத்து முடித்ததும் என் பக்கம் வந்து குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்: "ஏம்மா, இத்த வெச்சி எந்த அரிசிக் கடையத் தொறக்கறது?"

வாட்ச்மேன் செய்த தப்பு

அடுத்த மாதம் இரண்டு பேருக்கும் சம்பளம் இல்லை. தனமும் பச்சையம்மாவும் அந்த மாதத்தைச் சும்மா பார்த்துக்கொண்டார்கள். தாய்மார் முடிந்ததைக் கொடுத்தார்கள். மத்தி கொடுத்தார்கள், சங்கரா கொடுத்தார்கள். வீட்டுக்காரர் வாடகைக்கு மீனை வாங்கிக்கொள்வாரா? தனம் ஒரு ஹாஸ்டலில் கூட்டித் துடைக்கப் போய்விட்டாள். பச்சையம்மா ஒரு கம்பெனிக்குப் போனாள். கொட்டகைக் கதவைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். அஞ்சலையின் மகள் அதற்குள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள், ஆனால் அவளுக்குக் கீழே ஒன்று வந்துவிட்டது. நான் அந்த நாட்களில் வேறு அறக்கட்டளைகளின் படிகளில் ஏறி இறங்கினேன். அங்கேயும் எனக்குக் காபி கொடுத்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அலுவலக வாட்ச்மேன் ஆறுமுகம் போன் செய்தார். மீன் ஏற்றி வரும் குட்டியானை வண்டி வாசலில் நின்றதாம். பெண்கள் இறங்கி, பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, ஒவ்வொன்றின் கையிலும் ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டு, மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்களாம். ஆறுமுகம் கேட்டைத் திறந்துவிட்டது மட்டுமல்ல, முற்றத்தில் ஜமக்காளமும் விரித்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குப்பத்துக் குழந்தைகள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் அது நன்கொடையாளர் முன்னால் பாட்டுப் பாடத்தான். அத்தனை வருஷத்தில் வேறெதற்கும் வந்ததில்லை. போனில் அவர் குரல் அழுகைச் சத்தத்துக்கு மேலே கேட்டது: "ஃபங்ஷன்னு நெனச்சித் தொறந்துட்டேன் மேடம்! பாட்டுப் பாடுவாங்கன்னு பாத்தா, ஒண்ணு என் லுங்கியப் புடிச்சிக்கினு வுட மாட்டேங்குது!"

மதியம் வரை

நீங்கள் தூண்டிவிட்டீர்களா என்று என்னைப் பிறகு பலர் கேட்டார்கள். இல்லை. எனக்கு அந்த அறிவு இருந்திருந்தால் முதல் வருஷமே தூண்டிவிட்டிருப்பேன். நான் போய்ச் சேர்ந்தபோது கூட்ட அறையின் நீள மேஜைக்குக் கீழே நாலு குழந்தைகள் வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தன. ஒன்று முசேயின் நாற்காலியில் ஏறித் தூங்கிவிட்டது. பாரீசிலிருந்து வந்த கம்பளத்தில் இரண்டு இடம் நனைந்திருந்தது. கணக்கு எழுதும் பெண் கஞ்சி ஊட்டினாள், கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் கழுவி விட்டான். கார்த்திக்கின் தோளில் அஞ்சலையின் கைக்குழந்தை. ஒரு கையால் அதைத் தட்டிக்கொண்டு, இன்னொரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, இது மிரட்டல் இல்லையா மேடம் என்று என்னிடம் கேட்டார். குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடியுங்கள் என்றேன். பதினோரு மணிக்கு ஒவ்வொன்றாகத் தூங்க ஆரம்பித்தன. குளிர்சாதன மெஷினும் ஆங்கிலமும் மட்டுமே கேட்டுப் பழகிய அந்த அறையில், இத்தனை சின்ன மூச்சுகள் ஏறி இறங்குவதைக் கேட்டபோது, எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வரும் அழுகைதான்.

மதியம் பெண்கள் வந்தார்கள். காலிக் கூடைகளை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு, முற்றத்தில் வந்து நின்றார்கள். கார்த்திக்கின் சட்டை தோளிலிருந்து இடுப்பு வரை ஈரம். இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது, யாராலும் இந்த மாதிரி நாளெல்லாம் நிற்க முடியாது என்று ஆரம்பித்தார். அஞ்சலை அவரிடமிருந்து தன் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "இன்னா சார், அரை நாளுதான ஆச்சி? எங்கள சொந்தக் கால்ல நில்லுன்னீங்களே, உங்களால மதியம் வரைக்கும் நிக்க முடியல? நாளைக்கு மேட்டுத்தெருப் புள்ளைங்களும் அஞ்சாறு வருது, துணிய மாத்திக்கினு வாங்க."

நிர்வாகச் செலவு

மறுநாள் வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் வருவதாக இருந்தது. பெண்கள் பிள்ளைகளோடு கிளம்புமுன்பே கார்த்திக் முசேக்குப் போன் போட்டார். அவர் பாரீசில் அப்போதுதான் எழுந்திருக்கிறார். நிலைமையை விளக்க அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து இரண்டு குழந்தைகள் ஒரு பென்சிலுக்காகச் சண்டை போட்டு, அவருக்கே எல்லாம் கேட்டுவிட்டது. காப்பகத்தைத் திறக்கச் சொல்லுங்கள் என்றாராம். இந்தத் தடவை பயிற்சி என்று எழுத வேண்டியிருக்கவில்லை. சம்பளம் என்றே எழுதினோம், அந்த வார்த்தையால் கூரை இடிந்து விழவில்லை. தனம் ஹாஸ்டல் வேலையை விட்டு வந்தாள், பச்சையம்மாவும் வந்தாள். அந்த வாரக் கடைசியில் கதவுக் கம்பியை அவிழ்த்தார்கள். மூன்று வருஷம் நான் கெஞ்சியும் கத்தியும் வாங்க முடியாததை அரை நாள் மூத்திரம் வாங்கிக் கொடுத்தது. அந்த வருஷ ஆண்டு மலரில் இதைத் தொலைநோக்குள்ள புதிய முயற்சி என்று போட்டிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கார்த்திக் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லி, கதவைச் சாத்தினார். பாவம், முகத்தைப் பார்க்க முடியாமல் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே பேசினார்: "ரெண்டு பேர் சம்பளத்துக்கு நிதி எங்கேர்ந்து எடுக்கிறதுன்னு முசேகிட்ட கேட்டேன் மேடம். நிர்வாகச் செலவுல குறைச்சுக்கச் சொல்றார். உங்க காண்ட்ராக்ட்கூட இந்த மார்ச்சோட முடியுதில்லையா?"

ஒரு கிழவியை வீட்டுக்கு அனுப்பினால் இரண்டு பெண்களுக்குச் சம்பளமும் ஒரு குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பயமில்லாத காலையும் கிடைக்கும் என்றால், நான் அத்தனை வருஷம் படித்துப் பார்த்த திட்டங்களில் இவ்வளவு சிக்கனமானது ஒன்றுகூட என் மேஜைக்கு வந்ததில்லை.